கொட்டகலையில் ஒரு பேர்ச் என்ன விலை? காணி விலையின் பழைய கணக்கைத் தேடும் வழி

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் பத்துப் பேர்ச் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) காணி ஒன்றுக்கு முற்பணம் கொடுக்கும் நிலையில் இருந்த என் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். "மாமா, இந்தப் பக்கம் ஐந்து வருடத்தில் விலை இரண்டு மடங்காகிவிட்டதாம். இப்போது விட்டால் பிறகு கிடைக்காதாம்" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். தரகர் என்றான். தரகருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்தான்.

அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களும் 'ஆம்' என்ற விகுதியில்தான் முடிந்தன. "ஆகிவிட்டதாம்", "கிடைக்காதாம்". தான் பார்க்காததை, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது தமிழன் போடும் விகுதி அது. மலையகத்தில் காணி விலை பெரும்பாலும் இந்த விகுதியோடுதான் பேசப்படுகிறது. ஹட்டனில் ஏறிவிட்டதாம், எல்லவில் வெள்ளைக்காரர் வந்த பிறகு தொடவே முடியாதாம், நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் கேட்டால் ஒரு விலையாம். அந்த 'ஆம்' விகுதியைக் கழற்ற என்ன தேவை, பழைய விலைகள் எங்கே கிடைக்கும், கிடைத்ததை எப்படி வாசிப்பது என்பதை முன்பின் பழக்கமில்லாதவருக்காக எழுதுகிறேன்.

தேயிலைக்கு இருக்கும் கணக்கு வீட்டுக்கு ஏன் இல்லை

நாம் கணக்கே தெரியாத ஊர்க்காரர்கள் அல்லர். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 முதல் நடக்கிறது. ஒவ்வொரு வாரமும் உயர்நிலத் தேயிலை, நடுநிலத் தேயிலை, தாழ்நிலத் தேயிலை என்று தனித்தனியாகச் சராசரி விலை வெளிவருகிறது. பத்து வருடத்துக்கு முன் உயர்நிலத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் பதில் எடுத்துவிடலாம். ஏலத்தில் விலை எல்லோருக்கும் தெரிகிறது, வாராவாரம் விற்பனை நடக்கிறது, ஒரே தரத்துத் தேயிலையை அதே தரத்தோடு ஒப்பிட முடிகிறது.

காணிக்கு இந்த மூன்றும் இல்லை. ஒரு வீடு தலைமுறைக்கு ஒருமுறை விற்கப்படலாம். விலை இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு தரகருக்கும் மட்டுமே தெரியும். பக்கத்துப் பக்கத்துக் காணிகள்கூட ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றுக்கு லொறி போகும் பாதை இருக்கும், மற்றதற்கு நாற்பது படி ஏற வேண்டும். ஒன்றில் கட்டடம் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை சாதகமாக வரும், அதே பாதையில் மேலே இருக்கும் மற்றதற்கு வராது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கிய பிறகு, அந்த அறிக்கையைக் கேட்காமல் காணி பார்க்கிறவரை நான் புத்திசாலி என்று சொல்லமாட்டேன்.

அலகிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. தமிழ்நாட்டு வாசகர் சென்ட் கணக்கில் நினைப்பதாக இருந்தால் ஒரு பேர்ச் 0.625 சென்ட். கண்டிப் பக்கத்துப் பழைய உறுதிகளில் (காணிப் பத்திரங்களில்) பரப்பளவுக்குப் பதிலாக எத்தனை அமுணம் நெல் விதைக்கும் நிலம் என்று எழுதியிருப்பதையும் காணலாம். அவற்றை நில அளவையாளரின் வரைபடம் இல்லாமல் பேர்ச்சாக மாற்ற முயல வேண்டாம்.

ஒரு காணிக்கு நான்கு விலை

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. "விலை" என்று ஒரே சொல்லைச் சொல்லி ஆளுக்கொன்றை நினைத்துக்கொள்கிறோம்.

முதலாவது, கேட்கும் விலை. விளம்பரத்தில் போடுவது, தரகர் வாயில் வருவது. இது விற்பவரின் ஆசை. ஆறு மாதமாக அதே விளம்பரம் அதே விலையில் கிடந்தால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றே பொருள். ஆனாலும் ஊர்ப்பேச்சில் "அங்கே பேர்ச் இவ்வளவு போகிறது" என்று உலவுவது பெரும்பாலும் இந்த விலைதான். போகிறது அல்ல, கேட்கிறார்கள்.

இரண்டாவது, கைமாறிய விலை. வாங்கியவர் உண்மையில் எண்ணிக் கொடுத்த தொகை. நமக்கு வேண்டியது இதுதான். எங்கும் எழுதப்படாமல் போவதும் பல வேளைகளில் இதுதான்.

மூன்றாவது, உறுதி விலை. நொத்தாரிசு முன்னிலையில் உறுதியில் எழுதப்படும் கிரயத் தொகை. இது கைமாறிய விலையாகவே இருக்க வேண்டும், ஆனால் எப்போதும் இருப்பதில்லை. காணி கைமாறும்போது முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். இருபது இலட்சத்துக்கு வாங்கிய காணியை உள்ளபடி எழுதினால் தீர்வை 79,000 ரூபா. பத்து இலட்சம் என்று குறைத்து எழுதினால் 39,000. நாற்பதாயிரம் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2018 ஏப்ரலில் மூலதன ஆதாய வரி மீண்டும் வந்த பிறகு, விற்பவருக்கும் தொகையைக் குறைத்துக் காட்டும் சபலம் சேர்ந்துகொண்டது. இது சட்டப்படி தவறு. நம் கணக்குக்கும் கேடு. பாதி விலை எழுதிய உறுதி, பின்னால் தேடுகிறவரிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, மதிப்பீட்டு விலை. வங்கிக் கடனுக்காகவோ, அரசு காணியைச் சுவீகரிக்கும்போதோ, பாகப்பிரிவினை வழக்கிலோ மதிப்பீட்டாளர் எழுதுவது. அனுபவமுள்ளவரின் கணிப்பு என்றாலும் அதுவும் கணிப்புத்தான். வங்கிக்கு எழுதும்போது பாதுகாப்புக்காகச் சற்றுக் கீழே நிற்பதும் உண்டு.

சுருக்கமாக: விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, எந்த விலை? ஐந்து வருடத்துக்கு முந்திய உறுதி விலையை இன்றைய கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் எந்தக் காணியும் இரண்டு மடங்காகத்தான் தெரியும். என் மருமகனின் தரகர் செய்ததும் இதுதான் என்று பிறகு தெரிந்தது.

சராசரி செய்யும் குறும்பு

சரி, ஒரே வகை விலையை மட்டும் எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்து விற்பனைகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா?

போதாது. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணமிக்க தேயிலை வரும். அந்த வாரங்களில் ஊவாவின் சராசரி விலை எழும்புகிறது. சாதாரணத் தேயிலையின் விலை ஒரு சதம்கூட அசையாமல், நல்ல தேயிலை அதிகம் ஏலத்துக்கு வந்ததாலேயே சராசரி ஏறிவிடலாம். விற்பனைக்கு வந்த கலவை மாறியது, அவ்வளவுதான்.

காணியிலும் இதே கதை. சென்ற வருடம் பண்டாரவளையில் நகரத்துக்கு வெளியே எட்டுக் காணிகளும் நகரத்துக்குள் இரண்டும் விற்கப்பட்டன, இந்த வருடம் அது தலைகீழாகிவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். சராசரி பாய்ந்து ஏறும். எந்தக் காணியின் விலையும் ஏறியிருக்கத் தேவையில்லை.

இதற்கு ஓரளவு மருந்து, சராசரிக்குப் பதிலாக இடையத்தை எடுப்பது. எல்லா விலைகளையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் அதுதான் இடையம். ஹோட்டல்காரர் ஒருவர் எல்லவில் பெருந்தொகைக்கு ஒரு காணி வாங்கினாலும் இடையம் பெரிதாக அசையாது. சராசரி அசைந்துவிடும்.

இன்னும் நல்ல மருந்து ஒன்று உண்டு. ஒரே வீடு இரண்டு முறை விற்கப்பட்டிருந்தால், அந்த இரண்டு விலைகளை மட்டும் ஒப்பிடுவது. அதே வீடு, அதே பாதை, அதே சரிவு. மாறியது காலம் மட்டும். இதை மீள்விற்பனை முறை என்கிறார்கள். அமெரிக்காவில் கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1980-களில் இதை வளர்த்து வீட்டு விலைச் சுட்டெண் ஒன்றை உருவாக்கினார்கள். சுட்டெண் என்றால் ஒரு தொடக்க காலத்து விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றக் காலங்களை அதற்கு ஒப்பிட்டுச் சொல்லும் எண். 130 என்றால் தொடக்கத்தைவிட 30 வீதம் கூடியிருக்கிறது.

இந்த முறையால் கிடைத்த கதைகளில் எனக்குப் பிடித்தது ஆம்ஸ்டர்டாம் நகரத்துடையது. ஹெரென்கிராக்ட் என்ற கால்வாய்க் கரையில் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன, விற்பனைப் பதிவுகளும் அழியவில்லை. பீட் ஐக்கோல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1628 முதல் 1973 வரையான விலைகளைக் கோத்துப் பார்த்தார். விலைவாசியைக் கழித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 350 வருடத்தில் அந்த வீடுகளின் மதிப்பு இரண்டு மடங்கை ஒட்டித்தான் உயர்ந்திருந்தது. ஐந்து வருடத்தில் இரண்டு மடங்கு என்ற தரகர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்த ஒல்லாந்தரே நம் நாட்டின் கரையோரத்திலும் காணிகளைப் பதிந்துவைத்தார்கள். தோம்பு என்று இன்றும் யாழ்ப்பாணத்தில் சொல்வது அவர்கள் காலத்துப் பதிவேட்டையே. கண்டி இராச்சியம் 1815 வரை யாருக்கும் பணியாமல் நின்றதால் மலைக்குத் தோம்பு ஏறவில்லை. வீரத்துக்குக் கொடுத்த சிறு விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த ரூபா?

இரண்டாவது கேள்வி எந்தக் காணி என்பது. அதைப் பார்த்துவிட்டோம். மூன்றாவது, பலர் கேட்கவே மறக்கும் கேள்வி: எந்த ரூபா?

2021-இல் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. இப்போது ஒரு கற்பனைக் காணியை எடுத்துக்கொள்வோம். 2021-இல் பேர்ச் இரண்டு இலட்சம், 2024 முடிவில் இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். தரகர் "35 வீதம் ஏறிவிட்டது" என்பார். தொழிலாளியின் கணக்கில் பாருங்கள். 2021-இல் ஒரு பேர்ச்சுக்கு 200 நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போட வேண்டும். 2024 முடிவிலும் 200 நாள்தான். ஒன்றும் ஏறவில்லை.

கடைச் சாமான்களோடு ஒப்பிட்டால் இன்னும் வேறாகத் தெரியும். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. அரிசி, மாவு, பஸ் கட்டணம், மருந்து என்று ஒரு குடும்பம் வாங்கும் கூடையின் விலை அது. 2021-ஐ 100 என்று வைத்தால் 2024 முடிவில் அது 190-ஐ ஒட்டி நின்றது. 2022 செப்டெம்பரில் மட்டும் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற உடம்பு மறக்காது. ஆகவே இரண்டு இலட்சத்து எழுபதாயிரத்தை 1.9-ஆல் வகுத்தால், 2021-இன் ரூபாவில் அந்தப் பேர்ச் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரம்தான். ஏறியதாகச் சொன்ன காணி உண்மையில் முப்பது வீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கிறது.

கையில் எண்ணும் ரூபாவில் சொல்வது பெயரளவு விலை. விலைவாசியைக் கழித்துச் சொல்வது மெய் விலை. "காணி விலை ஒருபோதும் இறங்காது" என்ற பழமொழி உயிரோடு இருப்பது பெயரளவு விலையின் தயவில்தான். அதே எடுத்துக்காட்டு தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுகிறது, கவனித்தீர்களா? காணி எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு கூலியும் தேய்ந்திருக்கிறது.

நம் பாட்டிமார் இதற்குத் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். "அந்தக் காலத்தில் பன்னிரண்டு பவுனுக்கு இந்த இடத்தை வாங்கினோம்" என்பார்கள். ரூபாவை நம்பாத அறிவு அது. ஆனால் பவுனின் விலையும் உலகச் சந்தையில் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும் என்பதால், துணைக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விலை இறங்கிய மலை

பெயரளவிலும் மலையகக் காணி இறங்கியிருக்கிறது. இந்த மலைகளின் பழைய விலை ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே: ஏக்கர் ஐந்து சிலிங். ஆங்கிலேய அரசு கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டை விற்ற தொகை அது. 1844-இல் குறைந்தபட்ச விலையை ஒரு பவுணாக்கினார்கள். இருபது சிலிங் ஒரு பவுண், ஆகவே நான்கு மடங்கு. இதைச் சந்தை ஏறியது என்று எழுதினால் தவறு. அரசு தானே நிர்ணயித்த தொகையைத் தானே மாற்றியது. பழைய எண்ணைக் கண்டதும் துள்ளாமல், அதை யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1847-ஐ ஒட்டிக் கோப்பி விலை சரிந்தபோது தோட்டங்கள் போட்ட முதலீட்டில் சிறு பங்குக்குக் கைமாறின. 1869-இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, பின்வந்த வருடங்களில் கோப்பியையே அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884-இல் மூடப்பட்டது. இறங்காத காணி என்று ஒன்று இருந்திருந்தால் அந்த வங்கி நின்றிருக்கும்.

பழைய விலைகள் எங்கே கிடக்கின்றன

பலர் முதலில் போவது மத்திய வங்கிக்கு. அங்கே காணி விலைமதிப்பீட்டுக் குறிகாட்டி என்று அரையாண்டுக்கு ஒருமுறை ஒரு சுட்டெண் வருகிறது. அரச விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தின் தரவுகளைக் கொண்டு குடியிருப்பு, வணிகம், கைத்தொழில் என்று பிரித்துத் தருகிறார்கள். நல்ல வேலை. ஆனால் அது கொழும்பு மாவட்டத்துக்கு உரியது. கொழும்பின் எண்ணை எடுத்து ஹட்டனுக்குப் பொருத்துவது, தாழ்நிலத் தேயிலை விலையைப் பார்த்து நுவரெலியாத் தேயிலைக்கு விலை சொல்வது போன்றது. நாட்டின் பொதுவான போக்கு, வட்டிவீதத்தின் பாதிப்பு ஆகியவற்றை அறிய மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு உரிய உண்மையான புதையல் காணிப் பதிவகத்தில் இருக்கிறது. கண்டி, மாத்தளை, கம்பளை, நுவரெலியா, பதுளை என்று பதிவகங்கள் உண்டு. உறுதி எழுதும் நொத்தாரிசு ஒரு பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் செலுத்தி யாரும் தேடலாம், பிரதி எடுக்கலாம். காணி வாங்கும்போது சட்டத்தரணி வழக்கமாக முப்பது வருடத்து உரிமையைத் தேடுகிறார் அல்லவா? அந்தத் தேடலிலேயே ஒரே காணியின் பழைய விற்பனைகளும் அகப்படுகின்றன. நாம் மேலே பார்த்த மீள்விற்பனை முறைக்கு வேண்டிய பொருள் அப்படியே அங்கே கிடக்கிறது. உரிமை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு அதை மூடிவைத்துவிடுகிறோம். சட்டத்தரணியிடம் "ஐயா, ஒவ்வொரு உறுதியின் திகதியையும் கிரயத் தொகையையும் எழுதித் தாருங்கள்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டால் போதும்.

எடுக்கும்போது சிலவற்றைத் தள்ளிவிட வேண்டும். நன்கொடை உறுதியில் எழுதிய தொகை விலையே அல்ல. அண்ணன் தம்பிக்கு எழுதிய அறுதி உறுதியில் பாசமும் பழைய கடனும் கலந்திருக்கும். வங்கி ஏலத்தில் போனது நெருக்கடி விலை. மாறாக, வங்கிக் கடனில் வாங்கிய காணியின் உறுதி விலை பெரும்பாலும் உண்மைக்கு அருகில் நிற்கும். வங்கி மதிப்பீடும் உறுதியும் வெகுதூரம் விலகினால் கடன் அதிகாரி கேள்வி கேட்பார்.

கேட்கும் விலைகளுக்குப் பழைய பத்திரிகைகளே போதும். ஞாயிறு இதழ்களின் சிறு விளம்பரப் பக்கங்களைப் பெரிய பொது நூலகங்களிலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் புரட்டலாம். நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் பல கிடைக்கின்றன. அண்மைக் காலத்துக்கு விளம்பரத் தளங்கள் உண்டு. அவை பழைய விளம்பரங்களை அழித்துவிடும் என்றாலும், வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சில பக்கங்கள் தங்கியிருக்கும். கேட்கும் விலை கைமாறிய விலை ஆகாது. ஆனால் கேட்கும் விலையைக் கேட்கும் விலையோடு, அதே ஊரில், அதே வகைக் காணிக்கு ஒப்பிட்டால் போக்கைக் காட்டும். ஆசையும் காலத்தோடு ஏறி இறங்கும் அல்லவா?

ஊரில் அண்மையில் காணி வாங்கியவர்களிடம் நேரே கேட்பதும் ஒரு வழி. உண்மை விலையை முதல் தேநீருக்குச் சொல்லமாட்டார்கள். மூன்றாவது தேநீரில் சொல்வார்கள்.

விலையே இல்லாத வீடு

இவ்வளவு தேடினாலும் மலையகத்தில் எண்ணற்ற குடும்பங்கள் வாழும் வீட்டுக்கு இந்தப் பதிவேடுகளில் ஒரு வரிகூட இராது. லயக் காம்பரா (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) விற்கப்பட்டதில்லை. 1970-களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992-இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நான்கு தலைமுறை குடியிருந்தவர் கையில் உறுதி இல்லை. உறுதி இல்லாத இடத்தில் கிரயம் இல்லை, கிரயம் இல்லாத இடத்தில் விலை வரலாறும் இல்லை. விலைத் தொடர் எதுவும் விற்கப்பட்டதை மட்டுமே காணும். தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று கொடுக்கப்படும் காணிகளின் உறுதிகள் முறையாகப் பதியப்படும்போதுதான் அந்தப் பக்கத்தின் முதல் வரி எழுதப்படும்.

மருமகன் இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை. ஒரு பயிற்சிக் கொப்பி வாங்கி நான்கு நிரல் கீறியிருக்கிறான்: திகதி, இடமும் பாதையும், தொகை, எந்த விலை. சட்டத்தரணியிடமிருந்து அதே காணியின் இரண்டு பழைய விற்பனைகளும், பக்கத்துக் காணிகளின் மூன்றும் வந்திருக்கின்றன. ஆறாவது வரியில் தரகர் சொன்ன தொகையை எழுதி, நான்காவது நிரலில் "கேட்கும் விலையாம்" என்று போட்டிருக்கிறான். அந்த 'ஆம்' விகுதியை வேண்டுமென்றேதான் விட்டுவைத்தானாம்.